அப்பாவின் ஃபிளாப்பி, ஒன்பது சிடிகள்: பழைய விளையாட்டுகளை விண்டோஸ் 11-ல் ஓட்ட உதவி வேண்டும்

#1 · கோட்டைமேடு

வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1997 முதல் 2004 வரை அப்பா திண்டுக்கல்லில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். மூன்று கணினிகள், ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர். பகலில் பயோடேட்டாவும் கல்யாணப் பத்திரிகையும் அடிப்பார். சாயங்காலம் ஆள் வராத நேரத்தில் பிரின்ஸ் ஆஃப் பெர்சியா. நான் அவர் மடியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது.

போன வாரம் வெள்ளையடிக்க பரணைக் காலி செய்தபோது ஒரு அட்டைப்பெட்டி கிடைத்தது. ஒரு பையில் ஒன்பது சிடிகள், அடியில் ஆறு ஃபிளாப்பிகள். அதில் ஒன்றின் மேல் அப்பா கையெழுத்தில், நீல மையில், "பிரின்ஸ். அழிக்காதே" என்று இருக்கிறது.

இதுவரை முயன்றதைச் சொல்கிறேன். லேப்டாப்பில் விண்டோஸ் 11. வெளியே மாட்டும் டிவிடி டிரைவ் வாங்கினேன்.

டைப்பிங் கற்றுத்தரும் ஒரு விளையாட்டு, விண்டோஸ் 3.1 காலத்தது. கிளிக் செய்தால் "இந்த ஆப் உங்கள் பிசியில் இயங்காது" என்கிறது.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. நிறுவ முடிந்தது, ஆனால் கறுப்புத் திரைதான். தம்பியின் பழைய விண்டோஸ் 7 கணினியில் போட்டால் ஓடுகிறது, புல் சிவப்பாகவும் தண்ணீர் ஊதாவாகவும் தெரிகிறது.

2002-ல் வாங்கிய ஒரு கார் விளையாட்டு. சிடி உள்ளேயே இருக்கிறது, ஆனாலும் சிடியைப் போடு என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது.

ஃபிளாப்பியை இன்னும் தொடவில்லை. எங்கள் ஊர்க் கடையில் விசாரித்தேன், தூக்கிப் போடச் சொன்னார்கள். மனசு வரவில்லை.

#2 · டாஸ்காலம்

தம்பி, தூக்கிப் போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம், முதலில் ஃபிளாப்பியைப் பார்ப்போம். சிடி விளையாட்டு வேறு எங்காவது கிடைத்துவிடும். அப்பா எழுதி வைத்தது அந்த ஒன்றில்தான் இருக்கிறது.

ஃபிளாப்பியைத் திருப்பிப் பாருங்கள். ஒரு மூலையில் சின்ன பிளாஸ்டிக் நகர்த்தி இருக்கும். ஓட்டை திறந்து, வெளிச்சம் தெரியும்படி அதை நகர்த்துங்கள். அப்படி வைத்தால் எந்தக் கணினியாலும் அதில் எழுத முடியாது. எதிர் மூலையில் எப்போதும் திறந்தே இருக்கும் ஓட்டை வேறு. அது 1.44 எம்பி வகை என்று காட்டுவதற்கு.

அடுத்து உலோகத் தகட்டை விரலால் மெல்லத் தள்ளி, உள்ளே இருக்கும் பழுப்பு வட்டைப் பாருங்கள். பின்பக்கம் நடுவில் இருக்கும் உலோகச் சக்கரத்தைச் சுற்றினால் வட்டு முழுவதையும் பார்க்கலாம். வெள்ளைப் புள்ளிகளோ சிலந்தி வலை மாதிரி ஏதாவதோ இருந்தால் அது பூஞ்சை. பரணில் இருந்தவற்றில் இது சாதாரணம். பூஞ்சையோடு டிரைவில் போட்டால் ரீட் ஹெட் அதை இழுத்து வட்டையே கீறிவிடும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த காது குடையும் பஞ்சால், அழுத்தாமல், சுற்றிச் சுற்றித் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் டிரைவ்.

யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் இன்னும் விற்கிறது. வாங்கியதும் ஃபைல்களைத் திறந்து பார்க்க ஆசை வரும். வேண்டாம். முதலில் வட்டு முழுவதையும் ஒரே இமேஜாக (அச்சு அசலான ஒரே நகல் ஃபைலாக) எடுங்கள், அதன் நகலில் வேலை செய்யுங்கள்.

#3 · நள்ளிரவு நிரலர்

ஃபிளாப்பி பற்றி டாஸ்காலம் அண்ணன் சொன்னதுதான் சரி. நான் சிடிகளுக்கு வருகிறேன்.

கோட்டைமேடு, உங்கள் மூன்று சிடிக்கும் வெவ்வேறு நோய். "காம்பேட்டிபிலிட்டி மோடில் விண்டோஸ் 98 போடு" என்று எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து சொல்வார்கள். சில சமயம் வேலை செய்யும். பெரும்பாலும் நேரம்தான் போகும்.

டைப்பிங் விளையாட்டு 16 பிட் நிரல். 64 பிட் விண்டோஸ் எதுவுமே 16 பிட் நிரலை ஓட்டாது. 32 பிட் விண்டோஸில் என்டிவிடிஎம் என்று ஒரு பகுதி இருந்தது, அதுதான் டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) நிரல்களையும் விண்டோஸ் 3.1 நிரல்களையும் தாங்கிப் பிடித்தது. டாஸ் நிரலுக்குத் தேவையான ஒரு பயன்முறையை, பிராசசரே 64 பிட்டில் ஓடும்போது தருவதில்லை. விண்டோஸ் 10 வரை 32 பிட் பதிப்பு இருந்தது, விண்டோஸ் 11-ல் அதுவும் இல்லை. எனவே எந்தப் பொத்தானை அழுத்தியும் பயனில்லை. வைன்விடிஎம் என்ற இலவச நிரலைப் போட்டுப் பாருங்கள். லினக்ஸில் விண்டோஸ் நிரல்களை ஓட்ட உதவும் வைன் திட்டத்திலிருந்து 16 பிட் பகுதியை எடுத்து விண்டோஸுக்குக் கொண்டு வந்தது அது.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ல் சிவப்புப் புல் வருவதற்குக் காரணம் 256 வண்ணம். அந்த விளையாட்டு திரையை 8 பிட்டில் வரைகிறது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு எண், அந்த எண்ணுக்கு என்ன நிறம் என்று ஒரு அட்டவணை சொல்லும். விண்டோஸ் 7-ல் டெஸ்க்டாப்பை நடத்தும் எக்ஸ்புளோரர் நடுவில் புகுந்து அந்த அட்டவணையில் சில இடங்களை மாற்றிவிடுகிறது. படம் அப்படியே இருக்கும், நிறம் மட்டும் மாறும். அந்தக் காலத்தில் எக்ஸ்புளோரரை நிறுத்திவிட்டு விளையாடுவோம். இப்போது அது தேவையில்லை. சிஎன்சி-டிடிரா என்ற சின்ன டிஎல்எல் ஃபைலை விளையாட்டு இருக்கும் ஃபோல்டரிலேயே போடுங்கள். விளையாட்டு, திரையில் படம் வரையும் பழைய விண்டோஸ் பகுதியான டைரக்ட்டிராவிடம் பேசுவதாக நினைத்துக்கொள்ளும், நடுவில் இது நின்று இன்றைய கிராஃபிக்ஸ் கார்டுக்குப் புரியும்படி மாற்றிச் சொல்லும். கறுப்புத் திரையும் அநேகமாக இதிலேயே சரியாகிவிடும்.

இன்னொன்று: புரோகிராம் ஃபைல்ஸுக்குள் நிறுவாதீர்கள். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து அங்கே எழுத சாதாரண நிரலுக்கு அனுமதி இல்லை. சேமித்த ஆட்டத்தை விண்டோஸ் சத்தமில்லாமல் வேறு இடத்தில் கொண்டுபோய் வைக்கும், தேடினால் கிடைக்காது. சி டிரைவில் நேராக "விளையாட்டு" மாதிரி ஒரு ஃபோல்டர் போதும். பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வையுங்கள், பழைய நிரல்களுக்குத் தமிழ் ஃபோல்டர் பெயர் புரியாது.

#4 · பனங்கூடல்

கார் விளையாட்டு சிடி கேட்கிறது எண்டால் அது சேஃப்டிஸ்க் போன்ற, நகலெடுப்பதைத் தடுக்கும் காப்பாகத்தான் இருக்க வேணும். எனக்கும் இதே பிரச்சினை வந்தது. இணையத்தில் யாரோ சொன்ன மாதிரி அந்தக் காப்புக்குத் தேவையான பழைய செக்டிரைவ் டிரைவரைத் தேடி எடுத்து, விண்டோஸின் கையொப்பச் சோதனையை நிறுத்திவிட்டுப் போட்டேன். விளையாட்டு ஓடியது. கோட்டைமேடு, நீங்களும் செய்து பாருங்கோ.

#5 · நள்ளிரவு நிரலர்

பனங்கூடல், உங்கள் மேல் கோபம் இல்லை, ஆனால் இந்த ஒரு வழியை மட்டும் யாரும் பின்பற்ற வேண்டாம்.

அந்த டிரைவர் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே உட்கார்ந்து வேலை செய்வது. அதில் பாதுகாப்பு ஓட்டை இருந்தது ஊரறிந்த விஷயம். அதனால்தான் 2015-ல் விண்டோஸ் 10 வந்தபோது அதை எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் ஒரு அப்டேட் மூலம் விஸ்டா, 7, 8 ஆகியவற்றிலும் முடக்கினார்கள். ஒரு விளையாட்டுக்காக அதைத் திரும்பப் போடுவது, வீட்டுப் பூட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்குகிற மாதிரி. நெட் பேங்கிங் பார்க்கும் கணினியில் கேட்கவே வேண்டாம்.

நல்ல வழிகள் உண்டு. சில நிறுவனங்கள் தாங்களே கடைசி பேட்ச்சில் சிடி சோதனையை எடுத்துவிட்டன, அதைத் தேடுங்கள். இல்லாவிட்டால் 2008-லிருந்து பழைய விளையாட்டுகளைக் காப்புப் பூட்டு இல்லாமல் விற்கும் ஜிஓஜி தளத்தில் பாருங்கள், தள்ளுபடியில் மலிவாகவே கிடைக்கும். இரண்டும் இல்லை என்றால், இணைய இணைப்பு இல்லாத பழைய எக்ஸ்பி கணினி ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள்.

#6 · பனங்கூடல்

விளங்குது. இண்டைக்கே அந்த டிரைவரை எடுத்துவிடுகிறன். சொன்னதுக்கு நன்றி.

இன்னொரு சந்தேகம். 1996-இல் வந்த குவேக் விளையாட்டு சிடியை ஐஎஸ்ஓ (சிடியின் நகல் ஃபைல்) ஆக எடுத்து வைத்திருக்கிறன். விளையாட்டு நல்லா ஓடுது, ஆனால் பாட்டே இல்லை. சிடியைப் பழைய சிடி பிளேயரில் போட்டால் இசை கேட்குது!

#7 · டாஸ்காலம்

கேள்வியிலேயே பதில் இருக்கிறது பனங்கூடல். சிடி பிளேயரில் கேட்கிறதல்லவா? அந்த இசை ஃபைலாக இல்லை, சாதாரணப் பாட்டு சிடியில் இருப்பது போல ஆடியோ டிராக்காக இருக்கிறது. குவேக்குக்கு டிரென்ட் ரெஸ்னர் செய்த இசை முழுவதும் அப்படித்தான். முதல் டிராக் விளையாட்டு, மற்றவை பாட்டு. ஐஎஸ்ஓ எடுக்கும்போது முதல் டிராக் மட்டும்தான் வரும், பாட்டெல்லாம் சிடியிலேயே தங்கிவிடும்.

பின்-கியூ என்ற இன்னொரு நகல் வடிவில் மறுபடியும் எடுங்கள். அப்போதுதான் எல்லா டிராக்கும் வரும். இதை எல்லோரும் கவனியுங்கள்: "பேக்கப் எடுத்துவிட்டேன்" என்று சிடியைத் தூக்கிப் போட்டவர்கள் பலர் பாதி விளையாட்டைத்தான் வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் சிடி டிரைவிலிருந்து சவுண்டு கார்டுக்கு மெல்லிய ஒயர் ஒன்று தனியாகப் போகும், ஞாபகம் இருக்கிறதா? கணினிக்குள் நுழையாமல் பாட்டு நேராக அந்த ஒயர் வழியாகவே போகும். அதை மாட்ட மறந்துவிட்டு, சவுண்டு கார்டு போய்விட்டது என்று நினைத்த வாடிக்கையாளர்கள் எத்தனையோ பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

#8 · பென்குயின் பிரியன்

இவ்வளவு பாடு எதற்கு? விண்டோஸ்காரர்கள் வேண்டுமென்றேதான் பழையதை உடைக்கிறார்கள், புதிதாக வாங்க வைக்க. என் லினக்ஸில் வைன் போட்டால் 64 பிட்டிலும் 16 பிட் விண்டோஸ் நிரல் ஓடுகிறது. அவர்களால் முடியாதா என்ன?

#9 · நள்ளிரவு நிரலர்

வைன் பற்றிச் சொன்னது உண்மை, அதைப் பாராட்டத்தான் வேண்டும். வேண்டுமென்றே உடைக்கிறார்கள் என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. விண்டோஸ் 95 தயாரானபோது பழைய சிம்சிட்டி அதில் விழுந்துவிட்டது. விடுவித்துவிட்ட நினைவகத்தையே மறுபடி படிக்கும் பிழை அந்த விளையாட்டில் இருந்தது. பிழை அவர்களுடையது அல்ல, ஆனாலும் சிம்சிட்டி ஓடினால் மட்டும் நினைவகத்தை வேறு விதமாகக் கையாளும்படி விண்டோஸில் தனி ஏற்பாடு செய்தார்கள்.

சமீபத்திய கதை இன்னும் சுவாரசியம். விண்டோஸ் 11-ன் 24எச்2 அப்டேட்டுக்குப் பிறகு, ஜிடிஏ சான் ஆன்ட்ரியாஸில் ஸ்கிம்மர் என்ற கடல் விமானம் காணாமல் போனது. எல்லோரும் விண்டோஸைத் திட்டினார்கள். சைலன்ட் என்ற பெயரில் அந்த விளையாட்டுக்கு வருடக்கணக்காக பேட்ச் எழுதும் நிரலாளர் உட்கார்ந்து தோண்டினார்.

வண்டிகளின் விவரம் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கிறது, வண்டிக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் சக்கர அளவு உண்டு. ஸ்கிம்மர் முந்தைய ஆட்டமான வைஸ் சிட்டியில் படகாக வகைப்படுத்தப்பட்டிருந்தது, படகுக்குச் சக்கர அளவு தேவையில்லை. சான் ஆன்ட்ரியாஸில் அதை விமானமாக்கினார்கள், வரியில் சக்கர அளவைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். வரியைப் படிக்கும் நிரல் "அளவு இல்லையே" என்று நிற்கவில்லை. அந்த இடத்தில் நினைவகத்தில் என்ன கிடந்ததோ அதை எடுத்துக்கொண்டது. கிடந்தது, சற்று முன் படித்த வேறொரு வண்டியின் சக்கர அளவு. அது பொருத்தமான எண்ணாக இருந்ததால் ஏறக்குறைய 20 வருடம் எந்தத் தொந்தரவும் இல்லை. 24எச்2-ல் விண்டோஸின் உள் செயல்பாடு ஒன்று நினைவகத்தை முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பயன்படுத்தியது. மிச்சம் கிடந்த எண் அழிந்தது. சக்கர அளவு கற்பனைக்கு எட்டாத எண்ணாகி, விமானம் வானத்துக்கு அப்பால் எங்கோ போய் நின்றது.

2004-ல் யாரோ விட்ட, சக்கர அளவுக்கான இரண்டு எண்கள். அந்த வரியில் அதைச் சேர்த்தாலே சரியாகிவிடுகிறது. பழைய விளையாட்டு உடையும்போது நான் யாரையும் திட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்வேன்.

#10 · பென்குயின் பிரியன்

இந்தக் கதை தெரியாது. சரி, வேண்டுமென்றே என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

கோட்டைமேடு, ஃபிளாப்பி இமேஜ் எடுக்க லினக்ஸ் லைவ் யூஎஸ்பி (நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் பென் டிரைவ்) போட்டு டிடிரெஸ்க்யூ என்ற நிரலைப் பயன்படுத்துங்கள். சாதாரண காப்பி ஒரு கெட்ட செக்டர் (வட்டின் ஒரு சின்னத் துண்டு) வந்தவுடன் நின்றுவிடும். இது அதைத் தாண்டிப் போய் நல்லதையெல்லாம் முதலில் எடுத்துக்கொண்டு, பிறகு திரும்பி வந்து கெட்டதை மட்டும் மறுபடி மறுபடி முயலும். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று ஒரு ஃபைலில் குறித்தும் வைக்கும். அதனால் டிரைவை மாற்றி, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரு டிரைவால் படிக்க முடியாததை இன்னொன்று படிக்கும்.

#11 · கோட்டைமேடு

எல்லோருக்கும் நன்றி. டைப்பிங் விளையாட்டு வைன்விடிஎம்மில் ஓடுகிறது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் புல் பச்சையாகிவிட்டது. கார் விளையாட்டை அப்படியே வைத்துவிட்டேன்.

ஃபிளாப்பி வட்டில் ஓரமாக இரண்டு வெள்ளைப் புள்ளிகள் இருந்தன, துடைத்தேன். டிரைவ் நேற்று வந்தது. மொத்தம் 2,880 செக்டர், அதில் 2,877 முதல் சுற்றிலேயே வந்துவிட்டன. நண்பர் வீட்டில் இன்னொரு டிரைவ் இருந்தது, அதில் இன்னும் இரண்டு கிடைத்தன. கடைசி ஒன்று எத்தனை முறை முயன்றும் வரவில்லை. டிரைவ் அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் கர் கர் என்று ஒரு சத்தம். அதைக் கேட்டுக்கொண்டு ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஒரு செக்டர் டிஜிட்டல் ஒலி ஃபைல் ஒன்றுக்குள் இருக்கிறது. டாஸ் நிரல்களை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸில் ஓட்டினால் விளையாட்டு ஆரம்பித்து, சத்தம் வரும் இடத்தில் நின்றுவிடுகிறது. வேறு எங்கிருந்தாவது அந்த ஃபைலை இறக்கிச் சேர்க்கலாமா?

#12 · டாஸ்காலம்

வேண்டியதில்லை தம்பி. கண்ட இடத்திலிருந்து இறக்கினால் அதோடு என்ன வரும் என்று சொல்ல முடியாது. பழைய விளையாட்டு என்பதால் உரிமை யாருக்கும் இல்லை என்பதும் சரியல்ல, நம் சட்டத்தில் கணினி நிரலும் இலக்கியப் படைப்பாகத்தான் கணக்கு.

அப்பாவின் சென்டரில் பிரின்ஸ் ஓடிய கணினியில் சவுண்டு கார்டு இருந்ததா? பழைய கணினி என்றால் உள்ளே இருக்கும் பீப் ஸ்பீக்கர்தானே? பிரின்ஸில் அதற்கென்று தனி ஒலி ஃபைல்கள் உண்டு. நிரல் பெயருக்குப் பின் ஒரு இடைவெளி விட்டு stdsnd என்ற ஆறு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து ஓட்டுங்கள். பீப் ஒலியில் ஆரம்பிக்கும். கெட்டுப்போன ஃபைலை அது தொடாது.

இமேஜின் நகலில் மட்டும் விளையாடுங்கள். ஏன் என்றால், அந்த ஃபோல்டரில் எச்ஓஎஃப் என்று முடியும் ஒரு சின்ன ஃபைல் இருக்கிறதா பாருங்கள். பிரின்ஸில் இளவரசியை 60 நிமிடத்துக்குள் காப்பாற்றியவர்களின் பெயரும், மிச்சமிருந்த நேரமும் அதில்தான் சேமிக்கப்படும். ஆறு பேருக்குத்தான் இடம். நீங்கள் ஜெயித்துப் பட்டியலுக்குள் வந்தால் கடைசியில் இருப்பவர் வெளியே போய்விடுவார்.

இருந்தால், விளையாட்டை ஆரம்பித்துவிட்டு எந்த விசையையும் தொடாமல் காத்திருங்கள். கதை ஓடி, பட்டியல் தானாக வரும்.

#13 · கோட்டைமேடு

ஃபைல் இருக்கிறது. இப்போதுதான் பார்க்கிறேன். இன்று இரவு ஓட்டிவிட்டு எழுதுகிறேன்.

#14 · பனங்கூடல்

காத்திருக்கிறம்.

#15 · கோட்டைமேடு

பீப் ஒலியில் ஓடியது. முதல் சத்தம் வந்ததுமே அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். நான் எதுவும் சொல்லவில்லை, சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்கள்.

இருவரும் விசையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தோம். பட்டியல் வந்தது. ஐந்து வரிகள். இரண்டிலிருந்து ஐந்து வரை அப்பா பெயர். 17:52, 16:30, 11:08, 2:15. இரண்டு நிமிடம் மட்டும் மிச்சம் வைத்து முடித்த அந்தக் கடைசி வரிதான் முதல் வெற்றியாக இருக்க வேண்டும். அன்றைக்குக் கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு அல்வா வாங்கி வந்தார் என்று அம்மா சொன்னார்கள்.

முதல் வரியில் அப்பா இல்லை. ஆங்கிலத்தில் "ஜெராக்ஸ்" என்று இருக்கிறது, 19:07. சென்டருக்குப் பக்கத்துக் கடை ஜெராக்ஸ் அண்ணாச்சி. அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்கள். "நான்தான் ஃபர்ஸ்ட் என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தாரே உங்கப்பா" என்றார்கள்.

அண்ணாச்சி கடை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. நாளை காலை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போகிறேன்.

டாஸ்காலம் சார், ஒரே ஒரு கேள்வி. மூன்றாவது கட்டத்தில் அந்த எலும்புக்கூடு. எத்தனை முறை வெட்டினாலும் சாக மாட்டேன் என்கிறது. அப்பா அதை எப்படியோ தாண்டுவார், எனக்கு ஞாபகம் இல்லை.

#16 · டாஸ்காலம்

அதை வெட்டிக் கொல்ல முடியாது தம்பி. வாளால் அடித்து அடித்துப் பின்னால் தள்ளிக்கொண்டே போங்கள், விளிம்பிலிருந்து கீழே விழுந்துவிடும். மற்றதை அண்ணாச்சியிடமே கேளுங்கள், 19 நிமிடம் மிச்சம் வைத்தவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும்.